கேட் போட்டுட்டான்

நீடாமங்கலத்தில் கேட் போட்டுட்டான்.
இனி எப்படியும் நாற்பது நிமிடம்.
நெல் வேகன்கள் முன்னே போகும், பின்னே வரும்,
போனதா வந்ததா என்று எஞ்சினுக்கே குழப்பம்.
வண்டியை அணைத்தோம்.
காது அணையவில்லை.
ங்ங்ங் என்று உள்ளே
கும்பகோணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அந்தக் குடம் குதிச்சது பார்," என்று
மாஸ்கோ ஆரம்பித்தான்.
மூன்று பேரும் பார்த்ததுதான்.
இருந்தாலும் சொல்லட்டும்.

பாத்திரக் கடைக் குடோன்.
நூறு பேர் நிற்கிற இடத்தில் இருநூற்றுப் பத்து.
சுவரோரம் கூரை முட்ட அண்டா, தவலை, பித்தளைக் குடம்,
யார் வீட்டுச் சீருக்கோ காத்திருந்த குத்துவிளக்குகள்.
பேஸ் இறங்கியதும்
முதலில் தாம்பாளம் நடுங்கியது.
பிறகு டம்ளர்களுக்குப் பல் கிட்டியது.
பிறகுதான் த்ரீபேஸ் மேலே ஏறினாள்.

உள்ளிக்கோட்டைப் பெண்.
மும்முனை மின்சாரம் வரும் நடுராத்திரியில்
மோட்டார் ஷெட்டில் நின்று
அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை
என்கிறான் நஸ்ருதீன்.
"பேரு கெத்தா இருக்குன்னு வச்சிருப்பா,
நீ வேற," என்கிறான் மாஸ்கோ.
பேசும்போது உதட்டைப் பிடித்துக்கொள்கிறான்.
வீங்கியிருக்கிறது. யாருடைய முழங்கையோ.
"சாரி மாமா" என்றதாம் அந்த முழங்கை,
சொல்லிவிட்டு மறுபடி இடித்ததாம்.

மூன்றாவது பாட்டில் குதித்தது அது.
ஒருத்தன் தலைக்கு மேலே பிடித்தான்,
அடுத்தவனுக்குத் தள்ளினான்,
கை கையாக, கூட்டத்தின் மேலேயே உருண்டு
மேடைக்குப் போய்ச் சேர்ந்தது.
மேடை என்ன மேடை, நாலு பலகை.
அவள் வாங்கினாள்.
குடத்தின் வாய்க்குள் முகத்தை விட்டுப்
பாதிப் பாட்டை அதற்குள்ளேயே பாடினாள்.
"குடமுருட்டீ!" என்று எவனோ கத்தினான்.
இருநூற்றுப் பத்துப் பேரும் கத்தினோம்.
ஓர் ஆற்றின் பேரை
அவ்வளவு கெட்ட வார்த்தையாக
அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
வலங்கைமான் பக்கம் பாலம் ஏறும்போது
அதே ஆறு ஒன்றும் தெரியாத மாதிரி கீழே கிடந்தது.
ஹாரன் அடித்து வைத்தோம்.

குடோன்காரரையும் சொல்ல வேண்டும்.
ஒரு காதில் விரல், ஒரு கையில் பில் புத்தகம்.
நசுங்க நசுங்க எழுதிக்கொண்டே இருந்தார்.
செம்பு நாலு. தூக்கு ஒன்று.
காலால் மட்டும் தாளம் போட்டார்,
நான் பார்த்தேன்,
என் இடது செருப்பைக் குனிந்து தேடியபோது.
செருப்பு கிடைக்கவில்லை.

கடைசி வரியில்தான் சண்டை.
மைக் செத்த நொடியில் அவள் சொன்ன சொல்
'வட்டி' என்கிறான் நஸ்ருதீன்.
அவன் அக்கா நகை மூன்றாவது தடவையாக பேங்கில் இருக்கிறது.
'வெட்டி' என்கிறான் மாஸ்கோ,
என்னையே பார்த்துச் சொன்னாள் என்கிறான்.
எனக்குக் கேட்டது 'வெட்டாறு.'
அம்மா ஊர் அந்தக் கரையில்.

"டேய்," என்றான் நஸ்ருதீன்.
நாலு வண்டி தள்ளி ஒரு குட்டியானை.
பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள், கயிறு,
கயிற்றுக்குள் ஒடுங்கிய குடம்.
முன்னால் கழுத்தில் துண்டு சுற்றி
சுக்குக் காபி ஊதிக்கொண்டு அவள்.

ஓடினோம். மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.
தொண்டையைத் தொட்டாள். கையை விரித்தாள்.
வெறும் காற்று.
பக்கத்தில் வா என்று விரலை மடக்கினாள்.
தலைகளை ஜன்னலுக்குள் நுழைத்தோம்.
உதடு அசைந்தது
அந்த நேரம் பார்த்து
நாற்பத்திரண்டு வேகன்.

கேட் தூக்கியாயிற்று.
இந்தப் பக்கம் முழுச் சாலை, அந்தப் பக்கம் முழுச் சாலை,
நடுத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு
பஸ், லாரி, முழங்கை, வசவு,
எங்கோ கயிற்றுக்குள் ஒரு குடம் கடகடவென்று.

"வட்டிதான்டா. உதட்டைப் பார்த்தேன்."
"போடா."
செருப்பில்லாத காலால்
முதல் கியர் போட்டேன்.